கட்டியக்காரன் இல்லாத ராஜா

உங்கள் வீட்டில் பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே ஒரு பிள்ளை இருந்தால், இந்த வசனத்தை நிச்சயம் கேட்டிருப்பீர்கள். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஏதோ பூர்வீகச் சொத்து பறிபோன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லும்: ''முன்ன மாதிரி இல்லப்பா... ஆளு சாஃப்ட் ஆயிட்டான்!''

பேச்சு அரசியல்வாதியைப் பற்றி அல்ல. ஃபாஸ்ட் பவுலரைப் பற்றியும் அல்ல. ஒரு ராப் பாடகரைப் பற்றி.

யோசித்துப் பாருங்கள். எஸ்.பி.பி. ஐம்பது வருஷத்துக்கு மேல் பாடினார். 'சாஃப்ட் ஆயிட்டார்' என்று யாராவது குறைப்பட்டோமா? குரல் கனிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். ராப் பாடுகிறவருக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை கிடையாது?

காரணம் சிம்பிள். எஸ்.பி.பி. பாட்டில் 'நான்' என்று வந்தால், அந்த 'நான்' எஸ்.பி.பி. அல்ல. ரஜினி, கமல், மோகன் என்று யாரோ ஒருவர். வார்த்தை வாலியுடையது அல்லது வைரமுத்துவுடையது. ராப்பில் எழுதுகிறவனே பாடுகிறான், பாடுகிறவனே 'நான்'. என் பேர் இது, என் தெரு இது, என்னை மிதித்தவன் இவன் என்று விலாசத்தோடு பேசுகிறான். கிட்டத்தட்ட புரோநோட்டு மாதிரி. ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. பத்து வருஷம் கழித்தும் ரசிகன் அதை நீட்டி ''எங்கய்யா என் கோபம்?'' என்று கேட்பான். புரோநோட்டை வைத்து வழக்குப் போட சட்டத்தில் மூன்று வருஷம்தான் கெடு. ரசிகனுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது!

அடியேன் பி.காம். எதைப் பார்த்தாலும் 'தேய்மானம்' என்ற வார்த்தை வந்து நிற்கும். மெஷின் வாங்கினால் வருஷா வருஷம் பத்து பர்சென்ட் கழித்துக்கொண்டே வரவேண்டும். ரசிகர்கள் ராப் பாடகரின் கோபத்துக்கும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். முதல் ஆல்பம் நூறு மார்க். சினிமாவுக்கு வந்தால் முப்பது கழி. கல்யாணமா? இன்னொரு பத்து. கார் வாங்கினால்... கணக்கே முடிந்தது.

இந்தக் கணக்கு சரியா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

*

அமெரிக்காவில் ஐஸ்-டி என்று ஒருவர். 1992-ல் அவருடைய 'பாடி கவுன்ட்' குழு வெளியிட்ட 'காப் கில்லர்' என்ற பாட்டால் அந்த நாடே ரெண்டுபட்டது. போலீஸ் சங்கங்கள் கொதித்தன, அதிபர் புஷ் வரைக்கும் கண்டித்தார், கடைசியில் ஆல்பத்திலிருந்து பாட்டையே எடுத்தார்கள். அதே ஐஸ்-டி 2000-லிருந்து ஒரு டி.வி. சீரியலில் நடிக்கிறார். என்ன வேஷம் தெரியுமா? போலீஸ் டிடெக்டிவ்! இருபத்தைந்து வருஷமாக அந்த வேஷம்தான்.

சிரிப்பு வருகிறது இல்லையா? ஆனால் இன்னொருவரையும் பாருங்கள். ஜே-ஸி. போதைப்பொருள் விற்ற தெருவிலிருந்து வந்தவர், பிறகு கோடீஸ்வரர். 2017-ல் '4:44' என்று ஒரு ஆல்பம் போட்டார். அப்போது வயது 47.  மனைவிக்குத் துரோகம் செய்தேன் என்று தன்னையே கூண்டில் ஏற்றினார். சத்தம் குறைந்தது, கூர்மை குறையவில்லை.

ஆக, வயதும் பணமும் மட்டும் கத்தியை மழுங்க வைப்பதில்லை. வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. அதைத் தேட நியூயார்க் போகவேண்டாம், எங்கள் வந்தவாசிக்கு வாருங்கள்.

*

சரித்திரப் புத்தகத்தில் வந்தவாசி ஒரே ஒரு தடவை தலைகாட்டும். 1760 ஜனவரி, அயர் கூட் தலைமையில் வெள்ளைக்காரனும், லாலி தலைமையில் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கொண்ட யுத்தம். ஊரை அறிந்தவர்களுக்குக் கோரைப்பாய் ஞாபகம் வரும். பக்கத்தில் ஆரணி, பட்டுத்தறி. செய்யாறு பக்கம் புரிசை, தெருக்கூத்து. தலைமுறை தலைமுறையாகத் தம்பிரான்கள் கூத்து கட்டுகிற ஊர்.

கோடை வந்தால் இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். விடிய விடியக் கூத்து. நீங்கள் பார்த்திருக்காவிட்டால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் துரியோதனன். முகம் தெரியாது, கிரீடம் மட்டும் லேசாகத் தெரியும். அங்கிருந்தே ஆரம்பிப்பான். தான் யார், தன் ராஜ்யம் எவ்வளவு பெரியது, தன்னை எதிர்க்க எவனுக்குத் தைரியம் உண்டு... திரை விருத்தம் என்று இதற்குப் பேர். திரை விலகியதும் கிறுகிறுவென்று சுற்றி ஆடி, மீண்டும் சுயபுராணம்.

இது ராப் இல்லாமல் வேறு என்ன? மைக் மட்டும்தான் வேறு.

ஆனால் கூத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. ராஜா பெருமையின் உச்சியில் இருக்கும்போது கட்டியக்காரன் குறுக்கே புகுவான். ''ஏன் ராஜா, இவ்ளோ பெரிய ராஜ்யம் வெச்சிருக்கீங்களே... எங்க தெருக் குழாயில தண்ணி வரலையே, அதைக் கொஞ்சம் பாக்கக் கூடாதா?'' என்கிற ரகத்தில் ஒரு கேள்வி. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ராஜா முறைப்பார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் பாடுகிற பாட்டில் ஒரு சூடு ஏறியிருக்கும். கேள்வி கேட்க ஆள் இருப்பதால்தான் பெருமைக்கே ருசி. பதினெட்டாம் நாள் அதே துரியோதனன் படுகளத்தில் மண் உருவமாக நீட்டி நிமிர்ந்து கிடப்பான்.

ராப்பிலும் இந்த ஏற்பாடு இருந்தது. தெருமுனையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள். பொய் சொன்னால் எதிரில் இருப்பவன் அந்த நிமிஷமே தோலை உரித்துவிடுவான். அவன்தான் கட்டியக்காரன்.

என் கட்சி இதுதான்: ராப் பாடகர் கூர்மை இழப்பது பணம் வரும்போது அல்ல, கட்டியக்காரன் வேலையை விட்டுப் போகும்போது. இன்னொன்றும் உண்டு. தன் 'நான்' என்ற சொல்லை இன்னொருவருக்கு வாடகைக்கு விடும்போது.

*

நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

1994-ல் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்தபோது தமிழ்நாடே ஆடியது. வார்த்தைகள் டைரக்டர் ஷங்கர் எழுதியவை. ரஹ்மான் மெட்டு. சூப்பர் பாட்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே 'நான்' என்று சொந்தமாக யாரும் கிடையாது. ராப் ஒரு ஸ்டைல், அவ்வளவுதான்.

சொந்த 'நான்' கடல் தாண்டி வந்தது. 2006-ல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு 'வல்லவன்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இளையராஜாவின் 'மடை திறந்து' மேல் ஏறி நின்று தன் பேரைச் சொன்னார். தமிழில் இப்படியும் பேசலாமா என்று ஒரு தலைமுறை வாயைப் பிளந்தது. அடுத்து? 2007-ல் 'பொல்லாதவன்'. 2017-ல் 'விவேகம்', 2018-ல் 'காலா'. குரல் அதே சிங்கக் குரல்தான். ஆனால் திரையில் நடந்து வருவது அஜித், ரஜினி. கர்ஜனை இவருடையது, பிடரி அவர்களுடையது! நம் சினிமாவில் ராப் பாடகருக்குக் கிடைக்கிற முதல் வேலையே இதுதான். ஹீரோ நடந்து வர ஒரு சிவப்புக் கம்பளம்.

இதற்கு ஒரே பரிகாரம், தானே ஹீரோ ஆகிவிடுவது. அதைச் செய்தவர் ஹிப்ஹாப் தமிழா ஆதி.

கோயம்புத்தூர்ப் பையன். 2011-ல் ரேடியோவில் அவர் பாடிய 'கிளப்புல மப்புல' இணையத்தில் தீயாகப் பரவியது. 2012-ல் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம். 2015-ல் 'ஆம்பள' மூலம் இசையமைப்பாளர். அதே வருஷம் 'தனி ஒருவன்'. 2017-ல் தன் கதையையே எழுதி, இயக்கி, நடித்து 'மீசைய முறுக்கு'. ஆறு வருஷத்தில் ரேடியோ ஸ்டேஷனிலிருந்து தியேட்டர் கட்அவுட்! குடும்பத்தில் சினிமா ஆள் இல்லாத ஒரு பையனுக்கு இது சாதாரண ஏற்றம் இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டும்.

''கிளப்புல மப்புல டைம்ல இருந்த வெறி இப்ப இல்ல'' என்று சொல்கிற ரசிகர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் ஒரு கேள்வி: அந்த வெறி யார் மேல்? குடிக்கிற பெண்கள் மேல், அவர்கள் உடுத்துகிற துணி மேல். பெண்ணைத் திட்டுவதற்கு எந்தக் காலத்தில் தைரியம் தேவைப்பட்டது? டீக்கடை பெஞ்சில் இலவசமாகக் கிடைக்கிற சரக்கு அது. அந்தப் பாட்டில் வேகம் இருந்தது, காரம் இருந்தது. கூர்மை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே அந்த ஆதி மறைந்து, தமிழ் எழுத்தின் வரலாற்றைத் தேடி 2019-ல் 'தமிழி' என்ற ஆவணத் தொடர் எடுத்த ஆதி வந்ததைத் தேய்மானக் கணக்கில் எழுதமாட்டேன். அது வரவு.

என் வருத்தம் வேறு இடத்தில். ஜல்லிக்கட்டுக்காக அவர் போட்ட 'டக்கரு டக்கரு' 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய பிள்ளைகளின் வாயில் இருந்தது. போராட்டம் முடிகிற கட்டத்தில், கோஷங்கள் வேறு திசையில் போகின்றன என்று சொல்லி வீடியோவில் விலகிக்கொண்டார். பாதிப் பேர் அதைப் பொறுப்பு என்றார்கள், மீதிப் பேர் பின்வாங்கல் என்றார்கள். எது சரி என்பது இருக்கட்டும். ஒரு ராப் கலைஞனுக்கு இது தங்கச் சுரங்கம் இல்லையா? பின்னால் ஒரு கூட்டம் வந்ததும் எனக்கு ஏன் பயம் வந்தது, யாருக்காகப் பேசினேன், யாரைப் பார்த்துத் தயங்கினேன்... இதைப் பாட்டாக எழுதியிருந்தால் தமிழ் ராப்பின் '4:44' நமக்கு அன்றே கிடைத்திருக்கும்.

கிடைத்ததோ, அதே வருஷம் ஜூலையில் மீசையை முறுக்குகிற ஹீரோ. 'நட்பே துணை', 'நான் சிரித்தால்', காஞ்சிபுரம் பட்டு நெசவுக் குடும்பத்தை வைத்து 'சிவகுமாரின் சபதம்' என்று வரிசையாகப் படங்கள். குடும்பத்தோடு பார்க்கலாம், முகம் சுளிக்க வேண்டாம். ஆனால் கமர்ஷியல் ஹீரோவின் பக்கத்தில் இருக்கிற நண்பன் கட்டியக்காரன் அல்ல. ''மச்சான், நீ மாஸ்டா!'' என்று சொல்வதுதான் அவன் வேலை. குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. 2023-ல் பாரதியார் பல்கலைக்கழகத்தில் இசைத் தொழில்முனைவு பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டார். ஒரு காமர்ஸ்காரனாக எழுந்து நின்று கைதட்டுகிறேன். ரசிகனாக, அந்த மெரினா பாட்டுக்கு இன்னும் காத்திருக்கிறேன்.

*

இப்போது அடுத்தவர். எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரம் போய் ரயில் பிடித்தால் அரக்கோணம். அங்கிருந்து வந்தவர் அறிவு.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவை மேடை ஏறியது. பா.இரஞ்சித் பின்புலம், டென்மா இசை, வடசென்னை கானாக் கலைஞர்கள், நடுவே இந்த ஒல்லிப் பையன். 2019-ல் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். அதில் 'ஆன்டி இண்டியன்' என்றே ஒரு பாட்டு. சாதியைப் பற்றி அதுவரை தமிழ்ப் பாட்டில் ஜாடைமாடையாகச் சொன்னதை, பேர் வைத்துச் சொன்னார். அந்த 'நான்', ஒருவன் இல்லை. ஒரு சேரி.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி'. தீ உடன் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. உலகமே ஆடியது. உடனே நம் கணக்குப் பிள்ளைகள் பேனாவை எடுத்துவிட்டார்கள்: ''அறிவு ஜாலி பாட்டுக்கு வந்துட்டான்!''

ஜாலி பாட்டா அது? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து எழுதியது. மண்ணைத் திருத்தியவனுக்கு மண்ணில் பங்கில்லை என்பதுதான் உள்ளே இருக்கிற சேதி. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இந்தப் பாட்டு போடாத வரவேற்பு இல்லை. நிலம் வைத்திருக்கிறவரும் ஆடுகிறார், அவர் நிலத்தில் கோரை அறுக்கிறவரும் ஆடுகிறார். 'தெருக்குரல்' அந்த மண்டபத்துக்குள் வந்திருக்குமா? வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். கத்தி மழுங்கவில்லை சார், மாலைக்குள் வைத்து உள்ளே கொண்டுவந்துவிட்டார்!

பிறகு நடந்ததுதான் கொடுமை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும், ஈழத்து வேர்களுள்ள ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. கேள்வி எழுந்தபிறகு டிஜிட்டல் அட்டை ஒன்று தனியாக வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு. மேடையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும். அறிவு அங்கேயும் இல்லை. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது நான் என்று அவர் அறிக்கை விட, மற்ற இருவரும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. 2024-ல் சந்தோஷ் நாராயணனே, இந்தப் பாட்டில் எங்கள் யாருக்கும் ஒரு பைசா வருமானம் வரவில்லை என்று சொன்னார். நிலம் யாருக்குச் சொந்தம் என்று கேட்ட பாட்டு, தானே யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் நின்றது. இதற்கு மேல் அந்தப் பாட்டுக்கு விளக்கவுரை வேண்டுமா?

2024-ல் அவருடைய ஆல்பம் வந்தது. தலைப்பைப் பாருங்கள்: 'வள்ளியம்மா பேராண்டி'. 2019-ல் தெருவின் குரல். ஐந்து வருஷத்தில் ஒரு கிழவியின் பேரன். எல்லோருக்காகவும் பேசியவர் ஒருத்திக்காகப் பேச வந்தது, சுருங்கியதாகச் சிலருக்குத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. மேடையில் 'நாங்கள்' என்று முழங்கும்போது கைதட்டல் காப்பாற்றும். பாட்டி முன்னால் பொய் சொல்ல முடியாது. அவள்தான் அறிவுக்குக் கிடைத்த கட்டியக்காரி.

அவரிடமும் எனக்குக் குறை உண்டு. 'மாஸ்டர்' படத்தில் 'வாத்தி ரெய்டு', 2025-ல் 'கூலி' படத்தில் 'சிகிட்டு'. ஒன்றில் 'நான்' விஜய்க்கு, மற்றதில் ரஜினிக்கு. தாளத்தில் குறையில்லை. தொழிலாகச் செய்வதில் தப்பும் இல்லை, சினிமாச் சம்பளம்தான் சொந்த ஆல்பத்துக்கு முதல் போடும் என்பது எனக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் 'சிகிட்டு' போன்ற பாட்டை எழுத நாலு பேர் இருக்கிறார்கள். 'ஆன்டி இண்டியன்' எழுத ஒருவர்தான் இருந்தார். வாடகைக்கு விடலாம், வீட்டுக்காரர் தங்க ஒரு அறையாவது மிச்சம் இருக்கவேண்டும். இதுவரை இருக்கிறது.

*

கடைசியாக, நம்மைப் பற்றி.

ஏ.சி. ரூமில் உட்கார்ந்துகொண்டு ''அறிவு முன்ன மாதிரி கோபமா இல்ல'' என்று சொல்கிறோமே... யார் கோபம், யார் செலவில்? நம் அலுவலகத்தில் நாம் வாய் திறப்பதில்லை. அபார்ட்மென்ட் மீட்டிங்கில் வாடகைக்கு வருகிறவரின் சாதியை ஒருவர் நைசாக விசாரிக்கும்போது, நாம் செல்போனைப் பார்க்கிறோம். நமக்குப் பதிலாக ஒருவன் தினம் கொதிக்கவேண்டும், அதை நாம் ஹெட்போனில் கேட்கவேண்டும். அவன் ஒருநாள் சிரித்தால் புரோநோட்டை நீட்டுகிறோம். சேரியிலிருந்து வந்தவன் காலம் முழுக்கக் கோபமாகவே இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை அதிகாரம்தான். அவனுக்கும் பாட்டியைக் கொஞ்ச, காதலிக்க, சும்மா இருக்க உரிமை உண்டு.

ஆனால் கேள்வி கேட்கிற உரிமை நமக்கும் உண்டு. அடுத்த தடவை உங்கள் பிள்ளை 'சாஃப்ட் ஆயிட்டான்' என்று சொன்னால், மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒன்று, இந்தப் பாட்டில் வருகிற 'நான்' யார், பாடுகிறவனா, நடந்து வருகிற ஹீரோவா? இரண்டு, அடி மேலே விழுகிறதா, கீழே இருப்பவர் தலையில் விழுகிறதா? மூன்று, இதைச் சொன்னதால் இவனுக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் அது பேக்கிங்கில் மட்டும் காரம்.

ஆரணி பஸ்ஸில், செய்யாறு காலேஜ் வாசலில் இப்போது செல்போனில் பீட் ஓடவிட்டு வரி கட்டுகிற பையன்களைப் பார்க்கிறேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, பாய் பின்னுகிறவர் வீட்டுப் பிள்ளை. நன்றாகவே கட்டுகிறார்கள். ஒவ்வொருவனைச் சுற்றியும் நாலு பேர் நின்று ''செம மாஸ் மச்சி!'' என்கிறார்கள். அந்த நாலு பேரில் ஒருவனாவது ''டேய், நீ சொல்றது நெஜமாடா?'' என்று கேட்டால் தேவலை.